இளைஞர்கள் நடத்தும் அக்கம்பக்கக் குழு: தொடங்குவது, ஓட்டுவது, கைமாற்றுவது

முதல் கூட்டத்துக்கு 40 பேர் வருவார்கள். நான்காவது கூட்டத்தில் 6 பேர் மிஞ்சுவார்கள். அந்த 6 பேரும் வராத 34 பேரைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்கள். பகுதி இளைஞர் குழு என்று தொடங்கிய பலவும் இப்படித்தான் கரைகின்றன. இளைஞர்களுக்கு ஆர்வம் போய்விட்டது என்று பழி போடுவது சுலபம். உற்றுப் பார்த்தால் வேறு மூன்று காரணங்கள் தெரியும்: வேலைக்கு ஆள் பெயர் இல்லை, பணத்துக்குக் கணக்கு இல்லை, இளைஞர்களிடம் வேலையைக் கொடுத்த பெரியவர்கள் முடிவெடுக்கும் உரிமையைக் கொடுக்கவில்லை. முதல் இரண்டையும் ஒரு நோட்டும் ஒரு ரசீதுப் புத்தகமும் வைத்துச் சரிசெய்துவிடலாம். மூன்றாவதுக்குத்தான் மனசு வேண்டும்.

இங்கே சொல்லியிருப்பவை 100 முதல் 150 வீடுகள் உள்ள ஒரு பகுதிக்குப் பொருந்தும். அதைவிடப் பெரிய இடமென்றால் ஒரே குழுவாகத் தொடங்க வேண்டாம். தெருத் தெருவாகத் தொடங்கிப் பிறகு இணையுங்கள்.

கூட்டத்துக்கு முன்னால் வீடு வீடாக

நோட்டீஸ் ஒட்டிக் கூட்டம் கூட்டுவதை இரண்டு வாரம் தள்ளிப்போடுங்கள். அதற்குள் 30 வீடுகளுக்காவது போய் வாருங்கள். இரண்டிரண்டு பேராகப் போவது நல்லது: ஒருவர் பேச, மற்றவர் எழுத. ஒருவரே பேசி எழுதினால் எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்த்துப் பேச முடியாது. ஏதோ கணக்கெடுப்பு என்று நினைத்துச் சுருக்கமாக முடித்துக்கொள்வார்கள். ஒரு வீட்டுக்கு 10 நிமிடம் போதும். ஜோடிக்கு 5 வீடு என்று 6 ஜோடிகள் இறங்கினால் ஒரே வாரத்தில் முடிந்துவிடும்.

மூன்று கேள்விகள் கேளுங்கள். போன மாதம் இந்தத் தெருவில் உங்களுக்கு எது தொந்தரவாக இருந்தது? உங்களுக்குக் கைவந்த வேலை எது, அதை யாருக்காவது சொல்லிக்கொடுப்பீர்களா? ஏணியோ, சும்மா கிடக்கும் அறையோ, வாரத்தில் 2 மணி நேரமோ, எதையாவது இரவல் தர முடியுமா?

‘இங்கே என்ன செய்ய வேண்டும்?’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். சாலை, சாக்கடை, தெருவிளக்கு என்று அரசாங்கத்துக்கான விண்ணப்பப் பட்டியல்தான் கிடைக்கும். அடுத்த மாதம் அவர்கள் ‘நான் சொன்னது என்ன ஆச்சு?’ என்று கேட்கும்போது குழுவிடம் பதில் இருக்காது. அமெரிக்காவில் ஜான் கிரெட்ஸ்மன், ஜான் மெக்நைட் இருவரும் 1993-இல் முன்வைத்த அணுகுமுறையின் சாரமே இதுதான்: குறைகளின் பட்டியலோடு தொடங்காமல், அங்கே இருக்கும் திறமை, பொருள், உறவு இவற்றின் பட்டியலோடு தொடங்குவது. இரண்டாம் மூன்றாம் கேள்விகள் அதற்காகத்தான்.

காலை, மாலை, விடுமுறை நாள் என்று மூன்று வேளைகளிலும் போக வேண்டும். மாலையில் மட்டும் போனால் இரவுப் பணிக்குப் போகிறவர்களும், காலையில் மட்டும் போனால் வேலைக்குப் போகும் பெண்களும் விடுபடுவார்கள். வாடகைக்கு இருப்பவர்களைத் தவறவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. நாளைக்குக் காலி செய்துவிடுவார்கள் என்ற எண்ணம்தான் காரணம். பல இடங்களில் சொந்த வீட்டுக்காரர்களைவிட அவர்கள்தான் கைகொடுக்கிறார்கள்.

வந்த பதில்களை மூன்று குவியலாகப் பிரியுங்கள்: நாமே முடிக்கக்கூடியது, அலுவலகத்தின் அனுமதியோடு நாம் செய்யக்கூடியது, அலுவலகம் மட்டுமே செய்யக்கூடியது. முதல் வேலை முதல் குவியலிலிருந்து மட்டுமே வர வேண்டும்.

யார் யார் இருக்க வேண்டும்

பொறுப்புக் குழுவுக்கு 5 முதல் 7 பேர். 7-ஐத் தாண்டினால் எல்லாருக்கும் ஒத்துவரும் நேரத்தைக் கண்டுபிடிப்பதே ஒரு வேலையாகிவிடும். ஐக்கிய நாடுகள் சபை புள்ளிவிவரங்களுக்கு 15 முதல் 24 வயது வரை இளைஞர் என்று வைத்திருக்கிறது. அந்த வரம்பு இதற்கும் பொருந்தும். ஆனால் 7 பேரும் 21, 22 வயதாக இருந்தால் ஒரே ஆண்டில் எல்லாரும் வேலைக்கும் மேற்படிப்புக்கும் ஊரைவிட்டுப் போவார்கள். குறைந்தது இருவர் பள்ளியில் படிப்பவர்களாக இருக்கட்டும். ஒரே நண்பர் கூட்டத்திலிருந்து மூவருக்கு மேல் வேண்டாம், ஒரே குடும்பத்திலிருந்து ஒருவருக்கு மேல் வேண்டாம்.

பெண் பிள்ளைகள் வரவில்லை என்று சொல்லும் முன், கூட்டம் எத்தனை மணிக்கு முடிகிறது, அவர்கள் எந்த வழியாக வீடு திரும்ப வேண்டும் என்று பாருங்கள். இருட்டும் முன் முடிந்து, இருவர் இருவராகத் திரும்ப வழி இருந்தால் வருகை கூடும். கூடும் இடமும் ஒரு சாராருக்கு மட்டும் சொந்தமானதாக இருக்கக் கூடாது. சக்கர நாற்காலி ஏற முடியாத மாடிக்கூட்டம் சிலரைச் சொல்லாமலேயே வெளியே நிறுத்திவிடும்.

18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குப் பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வாங்குங்கள். அவர்கள் இருக்கும் வேலை நாளில் உறவுக்காரர் அல்லாத இரு பெரியவர்களாவது உடன் இருக்க வேண்டும். ஒரு பெரியவர் ஒரு சிறுவருக்கோ சிறுமிக்கோ தனியாகச் செய்தி அனுப்பும் பழக்கம் கூடாது, எல்லாம் குழுவில்தான். இதை முதல் நாளே விதியாகச் சொல்லிவிட்டால் யாரும் தன்னைச் சந்தேகிக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பிறகு சொன்னால் கட்டாயம் எடுத்துக்கொள்வார்கள்.

பொறுப்பா, அலங்காரமா?

சிறாரும் இளையோரும் பங்கேற்பதை எப்படி அளப்பது என்று ரோஜர் ஹார்ட் 1992-இல் யுனிசெஃப் வெளியீடு ஒன்றில் 8 படிகள் கொண்ட ஏணியாக வரைந்து காட்டினார். கீழ் மூன்று படிகளையும் அவர் பங்கேற்பு என்றே கணக்கில் சேர்க்கவில்லை. விஷயம் புரியாமலே பிள்ளைகளைப் பயன்படுத்திக்கொள்வது முதல் படி, ஒரே நிறச் சட்டை போட்டு மேடைக்கு முன் நிறுத்துவது இரண்டாம் படி, பேச மேடை கொடுத்துவிட்டு முடிவை முன்பே எடுத்து வைத்திருப்பது மூன்றாம் படி. பெரியவர்கள் பெருமையோடு காட்டும் பல ‘இளைஞர் அணி’கள் இந்த மூன்றில்தான் இருக்கின்றன. கவனிக்க வேண்டிய இன்னொன்று: அந்த ஏணியின் உச்சிப்படி இளைஞர்கள் தனியாக நடத்துவது அல்ல. இளைஞர்கள் தொடங்கி, பெரியவர்களோடு சேர்ந்து முடிவெடுப்பதுதான் உச்சி. தனியாக நடத்துவது அதற்கு ஒரு படி கீழே இருக்கிறது.

உங்கள் குழு எந்தப் படியில் இருக்கிறது என்று பார்க்க ஒரு கேள்வி போதும். பெரியவர்களுக்குப் பிடிக்காத ஒரு முடிவை இளைஞர்கள் கடைசியாக எப்போது எடுத்தார்கள், அது நடந்ததா? பதில் இல்லையென்றால் அது அலங்காரம்தான்.

உரிமையைச் சொல்லால் கொடுக்க முடியாது. பணமாகக் கொடுத்துப் பாருங்கள். மக்களே நிதியைப் பங்கிடும் முறை 1989-இல் பிரேசிலின் போர்த்தோ அலெக்ரே நகரில் தொடங்கியது. 2014-இல் பாஸ்டன் நகரம் தன் மூலதன நிதியில் 10 லட்சம் டாலரை ஒதுக்கி, அதை எதற்குச் செலவிடுவது என்பதை 12 முதல் 25 வயது வரையுள்ளவர்களின் வாக்குக்கே விட்டது. சிறு குழுவிலும் இதைச் செய்யலாம். சேரும் பணத்தில் ஐந்தில் ஒரு பங்கை யாரிடமும் கேட்காமல் இளைஞர்களே செலவிடலாம் என்று எழுதி வையுங்கள். கணக்குக் காட்டுவது கட்டாயம். அனுமதி கேட்பது இல்லை.

அப்படியானால் பெரியவர்களுக்கு என்ன வேலை? தெரிந்தவர்களிடம் அறிமுகப்படுத்துவது, சட்டப்படி வயது வந்தவர் கையெழுத்து தேவைப்படும் இடத்தில் போடுவது, கூட்டத்தில் எல்லா இளைஞர்களும் பேசி முடித்த பிறகு பேசுவது. கடைசியாகச் சொன்னதுதான் சிரமம்.

முதல் வேலை: சின்னது, முடிகிறது, கண்ணுக்குத் தெரிவது

முதல் வேலையாக மரம் நடாதீர்கள். புகைப்படம் அழகாக வரும், ஆனால் கன்று பிழைக்கத் தொடர்ந்து தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். மூன்றாம் மாதம் காய்ந்த கன்றுகள் குழுவின் தோல்விக்குத் தெருவோரம் நட்ட அறிவிப்புப் பலகை போல நிற்கும். முதல் வேலை மூன்று வாரத்துக்குள் முடிய வேண்டும், 20 பேருக்கு மேல் தேவைப்படக் கூடாது, தெருவில் போகிறவர் யாரும் கேட்காமலே பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

நல்ல உதாரணம், கருவிகளை இரவல் தரும் பொது அலமாரி. மூன்றாம் கேள்விக்கு வந்த பதில்களே இதற்கு முதலீடு. சுத்தியல், குறடு, ஸ்க்ரூடிரைவர் செட், ரம்பம், அளவு டேப், ஸ்பேனர், டிரில், எக்ஸ்டென்ஷன் ஒயர், ஏணி, மண்வெட்டி, கடப்பாரை என்று 15 முதல் 20 பொருள் சேர்ந்தால் தொடங்கிவிடலாம். இரவலாக வந்ததா, அன்பளிப்பா என்பதை வாங்கும்போதே எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து வரும் மனத்தாங்கல் பெரும்பாலும் இங்கேதான் முளைக்கும்.

ஒவ்வொரு கருவியிலும் பெயின்டால் எண் போடுங்கள். ஸ்டிக்கர் எண்ணெய்க் கையில் உரிந்துவிடும். பதிவேட்டில் 7 கட்டங்கள்: கருவி எண், பெயர், வீட்டு எண், எடுத்த தேதி, தர வேண்டிய தேதி, திரும்பியபோது இருந்த நிலை, கையெழுத்து. இரவல் காலம் 3 நாள். வாரத்தில் இரு நாள், தலா ஒரு மணி நேரம் திறந்தால் போதும். இரண்டு பேர் முறைவைத்து உட்கார வேண்டும். தினமும் திறக்கிறோம் என்று தொடங்கினால் இரண்டாம் வாரமே பூட்டித்தான் இருக்கும்.

மின்கருவியைக் கொடுக்கும்போது ஒருமுறையும் வாங்கும்போது ஒருமுறையும் எடுத்தவர் முன்னாலேயே ஓட்டிக் காட்டுங்கள். ‘வாங்கும்போதே ஓடலைங்க’ என்ற பேச்சு அத்தோடு போகும். ஏணியில் ஒரு படி ஆடினாலும் இரவல் இல்லை. சரிசெய்யும் வரை தனியே பூட்டி வையுங்கள். டிரில் பிட், ரம்பத் தகடு போன்ற தேயும் பொருள்களை எடுப்பவரே வாங்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு மாதத்தில் டிரில் இருக்கும், பிட் இருக்காது.

தாமதமாகத் தருபவரை என்ன செய்வது? அபராதம் விதிக்கத் தோன்றும். வேண்டாம். எலினார் ஆஸ்ட்ரம் பல நாடுகளின் பொது மேய்ச்சல் நிலம், பாசன வாய்க்கால், மீன்பிடி நீர்நிலைகளை ஆராய்ந்தவர்; 2009-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றார். நீண்டகாலம் நிலைத்த பொது ஏற்பாடுகளில் அவர் பொதுவாகக் கண்டவை சில: யார் பயன்படுத்தலாம் என்ற எல்லை தெளிவாக இருந்தது, விதியால் பாதிக்கப்படுகிறவர்களே விதியை மாற்றவும் முடிந்தது, கண்காணித்தவர்கள் பயன்படுத்துகிறவர்களோ அவர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்களோதான், தண்டனை சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாகக் கூடியது, சண்டையைத் தீர்க்கப் பக்கத்திலேயே செலவில்லாத வழி இருந்தது.

அலமாரிக்கு இதைப் பொருத்தினால் விதி இப்படி வரும். முதல் தாமதத்துக்கு வீட்டுக்குப் போய் நினைவூட்டல். இரண்டாம் தாமதத்துக்கு எத்தனை நாள் தாமதமோ அத்தனை நாள் இரவல் கிடையாது. மூன்றாவதுக்கு அவரையே ஒரு வாரம் அலமாரியில் உட்காரச் சொல்லுங்கள். முதல் தவறுக்கே கடுமை காட்டினால் விதியைக் காப்பாற்றுகிற உங்களையே எல்லாரும் எதிர்ப்பார்கள். உடைந்துபோன கருவிக்கு, தேய்மானத்தால் உடைந்ததா, கவனக்குறைவால் உடைந்ததா என்று குழுவில் இல்லாத கைதேர்ந்த ஒருவர் சொல்லட்டும். தகராறு எழுந்தால் 7 நாளுக்குள் இருவரும் மூன்றாவது ஆள் ஒருவரோடு நேரில் உட்கார்ந்து பேச வேண்டும். வாட்ஸ்அப்பில் தகராறு பேசக் கூடாது; அங்கே சமாதானம் ஆனவர்களைவிடக் குழுவைவிட்டு வெளியேறியவர்களே அதிகம்.

கூட்டம் 60 நிமிடம்

வாரம் ஒருமுறை, அல்லது இரு வாரத்துக்கு ஒருமுறை, ஒரே கிழமை, ஒரே நேரம். மூன்று விஷயங்களுக்கு மேல் எடுக்காதீர்கள். போன கூட்டத்து வேலைகளுக்கு 10 நிமிடம், மூன்று விஷயங்களுக்கும் தலா 15, பெயரும் தேதியும் வாசிக்க 5. நேரம் பார்க்கிறவர் வேறு, கூட்டம் நடத்துகிறவர் வேறாக இருக்க வேண்டும். இரண்டையும் முறைவைத்து மாற்றுங்கள். 16 வயதுப் பெண் கூட்டம் நடத்தக் கற்றுக்கொள்ள வேறு வழியில்லை.

ஒவ்வொரு விஷயத்திலும் வட்டமாக ஒரு சுற்று எல்லாரும் பேசிய பிறகுதான் யாரும் இரண்டாவது முறை பேசலாம். முடிவெடுக்க விரல்களைக் காட்டச் சொல்லுங்கள்: 5 விரல் என்றால் முழு ஆதரவு, 3 என்றால் ஒத்துக்கொள்கிறேன், 1 அல்லது 2 என்றால் தயக்கம், மூடிய கை என்றால் தடை. ஒருவர் 3-க்குக் கீழே காட்டினால் ‘எதை மாற்றினால் 3-க்கு வருவீர்கள்?’ என்று மட்டும் கேளுங்கள். கை தூக்கி எண்ணும் வாக்கெடுப்பில் தோற்றவர் வேலை நாளில் வர மாட்டார். இந்த முறையில் பெரும்பாலும் வருவார். இரண்டு கூட்டம் பேசியும் தடை விலகாவிட்டால் அப்போது வாக்கெடுப்பு நடத்தலாம்.

முக்கியமானது குறிப்பு. ஒவ்வொரு முடிவும் யார், என்ன, எந்தத் தேதிக்குள் என்ற மூன்றும் சேர்ந்த ஒரே வரியாக இருக்க வேண்டும். ‘யாராவது பாருங்க’ என்று விட்ட வேலை நடக்காததற்குச் சோம்பல் மட்டும் காரணமில்லை. 1968-இல் ஜான் டார்லியும் பிப் லட்டானேயும் ஒரு சோதனை செய்தார்கள். வேறொரு அறையில் ஒருவருக்கு வலிப்பு வருவது ஒலிபெருக்கி வழியே கேட்கிறது. தான் ஒருவர்தான் கேட்கிறோம் என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் வலிப்பு வந்தவரின் குரல் அடங்குவதற்குள் உதவி தேடி எழுந்தார்கள். இன்னும் 4 பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தவர்களில் எழுந்தவர்கள் 31 சதவீதம்தான். உயிர் போகும் நிலையிலேயே இப்படியென்றால், கூட்டத்தில் பொதுவாகச் சொன்ன வேலைக்கு எத்தனை பேர் எழுவார்கள்? ஒரு வேலைக்கு நேரே இருவர் பெயரைப் போடாதீர்கள். உதவிக்கு எத்தனை பேர் வேண்டுமானாலும் இருக்கலாம், பதில் சொல்கிறவர் ஒருவர்தான்.

குறிப்பை அன்றிரவே குழுவில் போட்டுவிடுங்கள். முடிவை வாட்ஸ்அப்பில் எடுக்காதீர்கள். அது அறிவிப்புப் பலகை மட்டுமே.

பணம்

நல்ல குழுக்களையும் பணம்தான் பிரிக்கிறது, பெரும்பாலும் திருட்டே நடக்காமல். கணக்கு எழுதாத சின்னச் செலவுதான் சந்தேகமாக வளர்கிறது. வசூலிப்பவர், வைத்திருந்து செலவழிப்பவர், சரிபார்ப்பவர் மூவரும் வேறு வேறு ஆட்கள். குழுவின் பெயரில் வங்கிக் கணக்கு, ஒரே குடும்பத்தைச் சேராத இருவரின் கையெழுத்து. கணக்கு தொடங்கும் வரை ரொக்கமாக வைத்திருந்தாலும் பரவாயில்லை. யாருடைய சொந்தக் கணக்கிலும் சேர்க்காதீர்கள். அவர் நேர்மையானவர்தான், ஆனால் அவர் கணக்கில் இருக்கும்வரை எது யார் பணம் என்று அவராலேயே காட்ட முடியாது.

ரசீதுப் புத்தகம் கார்பன் பிரதியோடு, வரிசை எண் அச்சிட்டதாக இருக்கட்டும். எழுதிக் கெட்டுப்போன ரசீதைக் கிழிக்காமல் குறுக்குக் கோடு போட்டு அதிலேயே விடுங்கள். வண்டிக் கூலி போல ரசீது வராத செலவுக்குச் சீட்டு எழுதி, செலவழித்தவரும் கூட இருந்தவரும் கையெழுத்துப் போட வேண்டும். மாதத்தின் ஒரே தேதியில் ரொக்கத்தை இருவர் எண்ணி, வரவு, செலவு, மீதி மூன்றையும் ஒரே தாளில் எழுதிப் பொது இடத்தில் ஒட்டுங்கள். செலவே இல்லாத மாதத்திலும் ஒட்டுங்கள். ஒரு மாதம் விட்டால் அந்த மாதத்தைப் பற்றித்தான் பேசுவார்கள்.

பெரிய தொகை கொடுப்பவர் வரும்போது கவனம் வேண்டும். 1844-இல் இங்கிலாந்தின் ரோச்டேல் நகரில் 28 பேரோடு தொடங்கிய கூட்டுறவுக் கடை, எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு என்று வைத்தது. உலகெங்கும் கூட்டுறவு அமைப்புகள் இன்றும் பிடித்துக்கொண்டிருக்கும் விதி அது. உங்கள் குழுவிலும் நன்கொடைக்கு நன்றி உண்டு, ரசீது உண்டு, கூடுதல் வாக்கு கிடையாது. பேனரில் யார் படமும் வராது என்பதை யாரும் பணம் கொடுக்கும் முன்பே தீர்மானமாக எழுதிவிடுங்கள். கொடுத்த பிறகு எழுதினால் அவரைக் குறிவைத்த மாதிரி ஆகும்.

அலுவலகத்துக்குப் போகும்போது

ஒரு மனுவில் ஒரே விஷயம், ஒரே பக்கம். தேதி தெரியும் புகைப்படம், பாதிக்கப்பட்ட வீடுகளின் எண்ணிக்கை, கேட்பது என்ன, நம் பங்காக என்ன செய்வோம் என்ற நான்கும் இருந்தால் போதும். இரண்டு பிரதி எடுத்துப் போய் ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கி வாருங்கள். அது இல்லாத மனு கொடுக்காத மனு.

கைமாற்றுவது

பொறுப்புக் காலம் 6 மாதம். தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் ஒருவருக்கு ஒரே பொறுப்பு வேண்டாம். ஒரே நேரத்தில் இரண்டு பொறுப்பும் வேண்டாம். எல்லாவற்றையும் தானே செய்யும் அந்த ஒரு நல்ல பிள்ளைதான் குழுவின் பெரிய ஆபத்து. அவர் தேர்வுக்குப் படிக்கப் போன மாதம் எல்லாம் நிற்கும். தேர்வு மாதங்களை ஆண்டுத் தொடக்கத்திலேயே நாட்காட்டியில் குறித்து, அப்போது கூட்டத்தைப் பாதியாகக் குறைத்து, புது வேலை எதையும் எடுக்காமல் இருங்கள்.

நான்காம் மாதமே அடுத்தவரைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டும். ஐந்தாம் மாதம் பழையவர் செய்வார், புதியவர் பார்ப்பார். ஆறாம் மாதம் புதியவர் செய்வார், பழையவர் பார்ப்பார். இந்த இரண்டாவது கட்டத்தில் பழையவர் குறுக்கே புகுந்து திருத்தக் கூடாது. பார்த்ததை எழுதி வைத்துக் கூட்டம் முடிந்த பிறகு சொல்லலாம்.

கைமாற்று நோட்டில் எழுத வேண்டியவை: சாவிகள் யாரிடம், கடவுச்சொற்கள் எந்த உறையில், எந்த அலுவலகத்தில் எந்தப் பிரிவில் எந்த நாளில் போனால் வேலை நடக்கும், பாதியில் நிற்கும் வேலைகள், திருப்பித் தர வேண்டிய இரவல் பொருள்கள். இவற்றோடு ஒரு பக்கம் தவறுகளுக்கு. ‘மழைக்காலத்தில் திறந்தவெளியில் கூட்டம் வைத்தோம், 9 பேர் வந்தார்கள்’ என்பது போன்ற ஒரு வரி அடுத்தவருக்கு ஒரு மாதத்தை மிச்சப்படுத்தும்.

குழு நன்றாக நடக்கிறதா என்று பார்க்கப் புகைப்படங்களை எண்ணாதீர்கள். சொன்ன தேதிக்குள் முடிந்த வேலைகள் எத்தனை, முதன்முறையாகத் தன் பெயரில் ஒரு வேலையை எடுத்தவர்கள் எத்தனை பேர் என்று மாதம்தோறும் குறித்துவாருங்கள். இரண்டாவது எண் மூன்று மாதம் தொடர்ந்து பூஜ்யமாக இருந்தால், உள்ளே இருப்பவர்கள் வெளியே இருப்பவர்களுக்குக் கதவைச் சாத்திவிட்டார்கள் என்று பொருள்.

கைமாற்றத் தொடங்கும் முன் ஒரு சோதனை வையுங்கள். பொறுப்பாளர் இரண்டு வாரம் ஒதுங்கியிருக்கட்டும். போனையும் எடுக்க வேண்டாம். அந்த இரண்டு வாரத்தில் எதெது நின்றது என்று மற்றவர்கள் எழுதி வைக்கட்டும். அலமாரி திறக்கவில்லையென்றால் சாவி ஒருவரிடம் மட்டும் இருந்திருக்கிறது. இன்னொரு சாவி செய்யுங்கள். மாதக் கணக்கு ஒட்டப்படவில்லையென்றால் சரிபார்ப்பவர் அதுவரை நோட்டைத் திறந்தே பார்த்ததில்லை. அவரோடு அடுத்த மாதக் கணக்கை உட்கார்ந்து போடுங்கள்.